எண்ணக் கூடாத இருபத்து மூன்று

எழுபதைத் தாண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால், "ஒரு கிண்ணம் லக்சாவுக்கா இத்தனை புலம்பல்?" என்று கேட்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு இப்போதெல்லாம் பொறுமை இல்லை.

போன மாதம் பினாங்கு போய் வந்தேன். கோலாலம்பூரிலிருந்து ரயிலில் நான்கு மணி நேரத்துக்கு மேல். பெட்டிக்குள் குளிர் நடுக்கியது. கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகள் வழியெல்லாம் கைப்பேசியில் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தாள். மொத்தம் ஐந்து. ஐந்திலும் ஒரே சங்கதிதான்: அப்பா, காரம் வேண்டாம்.

மறுநாள் ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் ஒரு லக்சா கடைக்குப் போனோம். எனக்கு முன்னால் முப்பத்தொரு பேர் நின்றார்கள். கிண்ணம் கைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் சாப்பிடாமல் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அரிசி நூடுல்ஸின்மேல் ஊற்றிய மீன் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது; யாருக்கும் கவலை இல்லை. முட்டி வலியோடு நாற்பது நிமிடம் நின்றேன். என்னை அங்கே அழைத்துப் போனவள் என் அக்கா. பெரியப்பா மகள், எண்பத்து மூன்று வயது. முட்டி வலி இல்லை. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

அந்தக் கடையில் அவள் சொன்ன ஒரு செய்தியால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அதை முதலிலேயே சொன்னால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. எனக்கு ஒன்பது வயதாக இருந்த அந்தப் பள்ளி விடுமுறையிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்போது நாங்கள் சிகாமட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பா அங்கே கிராணி. ஆபீஸில் பேரேடு எழுதுகிற வேலை. அம்மாவுக்கு வயிற்றுப்புண். அதனால் எங்கள் வீட்டில் மிளகாய் எண்ணித்தான் விழும். ஒரு சட்டிக் குழம்புக்கு இரண்டு. அப்பா உறைப்புக்குப் பிறந்தவர். தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே பினாங்கைப் பற்றிப் பேசுவார். கல்யாணத்துக்கு முன்னால் அவர் இரண்டு வருடம் பெரியப்பா வீட்டில் தங்கியிருந்தவர். "அங்க ஒருத்தன் அழுதுகிட்டே சாப்புடுவான்டா, ஆனா எந்திரிக்க மாட்டான்" என்பார். அம்மா கதவுப் பக்கம் நின்று, "என் சாப்பாட்டுக்கு நீங்க அழுவறதே இல்லியே" என்பாள்.

அந்த வருடம் அவருக்கு ஒன்பது நாள் லீவு கிடைத்தது. அம்மாவுக்குப் பிரயாணம் ஒத்துக்கொள்ளாது என்று எங்கள் இருவருக்கு மட்டும் டிக்கெட் எடுத்தார். புறப்படுவதற்கு முந்தின நாள் நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கம், பினாங்கில் சாப்பிட வேண்டியவை என்று நான் ஒரு பட்டியல் போட்டேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நாசி கண்டார், லக்சா, பசம்பூர், மீ கோரேங், வாழையிலையில் சுட்ட சம்பல் மீன், ரோஜாக். மொத்தம் ஆறு. பக்கத்தில் இரண்டு கட்டம்: "அப்பா", "நான்". சாப்பிடச் சாப்பிட ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட வேண்டும் என்று ஏற்பாடு.

"ரெண்டு கோடும் ஒண்ணாதான் விழணும். நான் மட்டும் திங்கிறது, நீ மட்டும் திங்கிறது, அதெல்லாம் கிடையாது" என்றார் அப்பா. அந்த விதியை உண்டாக்கியவர் அவர்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபெரியை விட்டு இறங்கியதும் பெட்டியைக்கூட வைக்கவில்லை. துறைமுகத்துக்கு எதிரே ஒரு நாசி கண்டார் கடை. மூங்கில் காவடியின் இரண்டு பக்கமும் பெரிய பெரிய பாத்திரங்கள். நடுவில் கடைக்காரர் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"பாய், குழம்பு எல்லாம் கலந்து ஊத்துங்க. பையனுக்கும் அப்படித்தான்."

"பையன் தாங்குவானா, அண்ணே?"

"தாங்கலேன்னா என் பையனே இல்ல."

ஐந்து குழம்புகளை அவர் சோற்றின்மேல் ஊற்றினார். கோழி, மீன், கணவாய், முட்டை, பருப்பு. கடைசியில் சோறே தெரியவில்லை. முதல் வாய் வைத்ததும் காது அடைத்தது. நான்காவது வாயில் கண்ணில் நீர் கட்டியது. நாக்கு நுனியில் இனிப்பும், நடுவில் மீன் குழம்பின் புளிப்பும், எல்லாவற்றையும் விழுங்கிவிட்டுத் தொண்டையில் ஏறி நிற்கிற உறைப்புமாக, அப்படி ஒன்றை அதுவரை நான் சாப்பிட்டதில்லை. அதற்குப் பிறகும்தான்.

"கண்ணுல தண்ணி வந்தா நிறுத்தாத. மூக்குல வந்தாத்தான் நிறுத்தணும்" என்றார் அப்பா. அவருக்கு இரண்டிலும் வந்துகொண்டிருந்தது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார், சிரித்தார், மறுபடியும் குனிந்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாகச் சாப்பிட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். நாட்காட்டித் தாளில் இரண்டு கோடுகள் போட்டேன். மஞ்சள் விரல் தாளில் பட்டுக் கறையானது.

பெரியப்பா வீடு ஆயர் ஈத்தாமில், மலையடிவாரத்தில் இருந்தது. பலகை வீடு, இரண்டு அறை. பெரியப்பா துறைமுகத்தில் சரக்கு மூட்டைகளை எண்ணிக் குறிக்கிற வேலை பார்த்தார். எனக்கு அதனாலேயே அவரைப் பிடிக்கும். பெரியம்மா உருவத்தில் சிறியவர். வீடு அவர் சொல்படிதான் நடந்தது. அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. பள்ளியின் கடைசிப் பரீட்சையான சீனியர் முடித்து, ஆசிரியர் பயிற்சிக்கு எழுதிப் போட்டிருந்தாள். அதே சமயம் சுங்கைப் பட்டாணியிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாகவும் இருந்தது. மாப்பிள்ளைக்கு முப்பத்தைந்து வயது, சொந்தக் கடை. பெண் வேலைக்குப் போகக் கூடாது என்று முன்னாலேயே சொல்லி அனுப்பியிருந்தார்களாம்.

"வாத்தியாரம்மா ஆயி என்னா செய்யப் போற? கடையில உக்காந்து கல்லாவப் பாத்துக்க" என்று பெரியம்மா சொல்ல, அக்கா பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினாள்.

எனக்குத் தனி மெத்தை வேண்டும் என்று பெரியப்பா துறைமுகத் தொழிலாளர்கள் தங்கும் கொட்டகையிலிருந்து ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தார். அப்பாவுக்குத் தரையில் பாய். நான்தான் ராஜா மாதிரி மெத்தையில் படுத்தேன்.

காலையில் என்னை எழுப்ப வந்த அக்கா போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, ஒரு நிமிடம் அப்படியே நின்றாள். பிறகு கத்தினாள்:

"அம்மா! இங்க வாங்க! தம்பிக்கு அம்மை போட்டிருக்கு!"

கையிலும் கழுத்திலும் முதுகிலும் சிவப்பாகத் தடித்திருந்தது. அரிப்பு வேறு. பெரியம்மா வந்து பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா வந்துட்டா. விருந்தாளியோட வந்துட்டா" என்றார். அடுத்த அரை மணி நேரத்தில் வாசலில் வேப்பிலை தொங்கியது.

அம்மை கண்ட வீட்டின் சட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தாளிக்கக் கூடாது, எண்ணெய் பொரிகிற சத்தம் ஆத்தாவுக்கு ஆகாது. மிளகாய் கூடாது, மீன் கூடாது, விருந்தாளி கூடாது. மூன்றாம் நாள், ஐந்தாம் நாள், ஏழாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் வெளியே போகலாம். எனக்குக் கூழ், மோர், இளநீர். வீட்டில் எல்லோருக்கும் உப்புப் பருப்பும் சோறும். மெத்தையை அக்கா தானே சுருட்டி, தலையில் வைத்துப் பின்பக்கம் கொண்டுபோனாள். கொதிக்கக் கொதிக்க மூன்று வாளி வெந்நீரை அதன்மேல் கொட்டினாள். ஜன்னல் வழியாக நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்து என்ன பயன்?

பாயும் வேப்பிலையுமாக என்னைப் படுக்க வைத்த பிறகு எனக்கு வேறு வேலை இல்லை. எண்ணினேன். இடது கையில் ஒன்பது. கழுத்தில் ஐந்து. முதுகை ஒரு கண்ணாடியில் பார்த்தேன், அங்கே ஒன்பது. மொத்தம் இருபத்து மூன்று. பல இடங்களில் மூன்று மூன்றாக, வரிசை பிடித்த மாதிரி இருந்தன. மறுநாளும் இருபத்து மூன்று. அதற்கு மறுநாளும் அதே. எங்கள் தோட்டத்தில் பக்கத்து வீட்டுப் பையனுக்கு அம்மை போட்டபோது ஒரே ராத்திரியில் முகம் தெரியாமல் போனது எனக்கு ஞாபகம் இருந்தது.

"பெரியம்மா, இது கூடவே இல்ல. இருபத்து மூணுதான் இருக்கு."

"அய்யய்யோ! முத்த எண்ணக் கூடாதுடா! ஆத்தாவுக்குக் கோவம் வரும். தாயே, சின்னப் புள்ள, மன்னிச்சிரு" என்று என் முதுகைப் பார்த்துக் கும்பிட்டார்.

பெரியப்பாவிடம் சொன்னேன். ஒரு நாளைக்கு ஆயிரம் மூட்டைகளை எண்ணுகிற மனிதர், ஒன்று குறைந்தால் கப்பலையே நிறுத்திவிடுவார் என்று பெயர். அவர் செய்தித்தாளை இறக்காமலே, "பெரியம்மா சொல்றத கேளுடா" என்றார்.

அப்பாவிடமும் சொன்னேன். அவர் மட்டும் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

அந்த நான்கு நாட்களை எப்படிச் சொல்வது? பக்கத்து வீட்டு அடுப்படி எங்கள் ஜன்னலுக்கு ஐந்தடியில் இருந்தது. அங்கே தினமும் பத்து மணிக்கு மிளகாயோடு காய்ந்த இறால் விழுதை வைத்து அம்மியில் பிளாச்சான் சம்பல் அரைப்பார்கள். பதினொன்றுக்கு அது எண்ணெயில் விழும். எனக்குத் தும்மல் வரும், வாயில் எச்சில் ஊறும். பெரியம்மா ஓடிவந்து ஜன்னலைச் சாத்துவார். மாலையில் நூடுல்ஸ் வறுத்துத் தருகிற மீ கோரேங் வண்டிக்காரன் கரண்டியால் சட்டியைத் தட்டிக்கொண்டே போவான். பட்டியலில் நான்காவது அது. இருபதடியில் போகிறது, நான் மோர் குடித்துக்கொண்டிருக்கிறேன். பினாங்குக்கே வந்து, பினாங்கை மூக்கால் மட்டும் பார்த்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நான்காம் நாள், புதன்கிழமை, சாயங்காலம் அப்பா எங்கேயோ போய்விட்டு வந்தார். பின்கட்டில் தண்ணீர் கொட்டுகிற சத்தமும், பாத்திரம் உருள்கிற சத்தமும் கேட்டன. பிறகு அவர் என் பாயருகில் வந்து உட்கார்ந்து, நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். கை ஈரமாக இருந்தது. அந்தக் கையில் வாசனை வந்தது. மீனும் புளியும், இஞ்சிப் பூவும், லக்சாமேல் ஊற்றுவார்களே அந்தக் கறுப்பு இறால் விழுதும். எனக்குத் தெரியாதா? ஒரு வருடமாக அதைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருந்தார்.

"அப்பா, லக்சா சாப்பிட்டீங்களா?"

அவர் தன் கையைப் பார்த்தார். பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலை உருவிக்கொண்டிருந்தார்.

"ம்" என்றார்.

"எத்தன கிண்ணம்?"

"ஒண்ணுதான்."

"உறைப்பா இருந்துச்சா?"

"உறைப்புதான்டா."

நான் தலையணைக்கு அடியிலிருந்து தாளை எடுத்தேன். லக்சாவுக்கு நேரே "அப்பா" கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். பென்சில் முனை தாளைக் கிழித்துக்கொண்டு போகும்படி அழுத்திப் போட்டேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தடுக்கவில்லை. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அப்பா இரண்டு, நான் ஒன்று.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. முதல் தடவை வரப் போகும்போதே வீட்டில் அம்மை என்றால் சகுனம் சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பெரியம்மா அழுதார். சனிக்கிழமை எனக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஃபெரி. துறைமுகத்துக்கு எதிரே அதே நாசி கண்டார் கடை திறந்திருந்தது. அப்பா, "நேரம் இருக்கு, சாப்பிடலாமா?" என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். பசியில் உயிர் போயிற்று. ஆனாலும் வேண்டாம் என்றேன்.

அடுத்த மூன்று வருடங்களும் விடுமுறை தொடங்கும்போது அப்பா கேட்பார், "பினாங்கு போலாமாடா? பாக்கி அஞ்சு இருக்கே." மூன்று தடவையும் நான் ஒரே பதிலைத்தான் சொன்னேன்: "உங்களுக்கு நாலுதானே பாக்கி. நீங்க போயிட்டு வாங்க." நான்காவது வருடம் அவர் கேட்கவில்லை. என் இருபத்தாறாவது வயதில் அவர் இறந்துபோனார். பட்டியலில் அதற்குமேல் ஒரு கோடும் விழவில்லை. அந்தத் தாள் தோட்டத்து வீட்டைக் காலி செய்தபோது தொலைந்துபோனது. எங்கே போட்டேன் என்று இன்றைக்கும் தேடுகிறேன், வேறு எதையாவது தேடும்போது.

இப்போது லக்சா கடைக்கு வாருங்கள். ஒருவழியாகக் கிண்ணம் வந்தது. மகளின் ஆறாவது செய்தியும் வந்தது. நான் குழம்பைக் கிளறிக்கொண்டே அக்காவிடம் குறைப்பட்டேன்.

"எனக்கு எழுவத்து மூணு வயசுல கிடைக்குது. எங்கப்பா என்னய பாயில போட்டுட்டு அப்பவே தின்னுட்டு வந்துட்டாரு."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"யாரு சொன்னா?"

"அவரேதான் சொன்னாரு. கையில வாசனையே வந்துச்சு."

"சாப்புட்டேன்னா சொன்னாரு?"

"ஆமா. ஒரு கிண்ணம்னு கணக்கு வேற சொன்னாரு."

பின்னால் நின்றவர்கள் எங்கள் மேசை எப்போது காலியாகும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சித்தப்பா சாப்புடலடா," என்றாள். "அது அம்மையே இல்ல. மூட்டப்பூச்சி. அன்னிக்குக் காலையில மெத்த ஓரத்துல ஊர்ந்துகிட்டு இருந்துச்சு, நான் கண்ணால பாத்தேன். பாத்துட்டுத்தான் அம்மைன்னு கத்துனேன்."

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை.

"அம்மைன்னாதானே வீட்டுக்கு ஆளு வர மாட்டாங்க. வெள்ளிக்கெழம மட்டும் தாண்டிட்டா போதும்னு இருந்துச்சு. ஆனா நீதான் படுத்துக்கிட்டு எண்ணிக்கிட்டே இருந்தியே. சித்தப்பாவுக்குத் தெரிஞ்சிருச்சு. புதங்கெழம சாயங்காலம் டிபன் கேரியரோட பின்கட்டு வழியா வந்தாரு. 'அவன் எண்ணிக்க சரியா இருக்கு புள்ள, ஒண்ணுகூட ஏறல, இது வெறும் பூச்சிக்கடி, போயி உங்கம்மாகிட்ட சொல்லிட்டு அவனுக்கு லக்சா குடுக்கப் போறேன்'னாரு. நான் கால்ல விழுந்துட்டேன்டா. அந்த மாப்புள்ள வீடு ஆள் அனுப்பிச்சிருந்துச்சு, அம்மை இல்லேன்னா சொல்லுங்க, வர்றோம்னு. எல்லாத்தையும் சொன்னேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"ஒண்ணுதான் கேட்டாரு. 'வாத்தியார் வேலைக்கு எழுதிப் போட்டியா?' போட்டிருக்கேன், கடுதாசி வரணும்னேன். கேரியரத் தெறந்து சாக்கடையில ஊத்திட்டாரு. அவரே கழுவுனாரு. யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு, அவ்ளோதான்."

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கேரியர்ல எத்தன அடுக்கு?"

"ரெண்டு."

"ரெண்டுலயும் லக்சாவா?"

"ரெண்டுலயும்தான். உங்க பங்கையாவது சாப்புடுங்க சித்தப்பான்னு சொன்னேன். 'ரெண்டு பேரும் சேந்து சாப்புடுறதாப் பேச்சு'ன்னாரு."

எனக்குக் கோபம்தான் வந்தது. உருக வேண்டிய இடம் இது என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு உருக்கம் வரவில்லை. அறுபத்து நான்கு வருடம்! பயிற்சிக் கடிதம் அடுத்த மாதமே வந்திருக்கிறது. முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, பென்ஷன் வாங்கி, எண்பத்து மூன்று வயதில் முட்டி வலி இல்லாமல் நடக்கிறாள். எனக்கு ஒரு வரி எழுதிப் போட முடியவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மூன்று விடுமுறைகளில் ஒன்றிலாவது நான் சரி என்று சொல்லியிருப்பேன்.

"ஏன்க்கா சொல்லல? அப்பா செத்த பிறகாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீ இங்க வந்தாத்தானே சொல்றதுக்கு? எத்தன வாட்டி கூப்புட்டேன்? 'பினாங்கு எனக்குப் புடிக்காது'ன்னு சொல்லி அனுப்புனே. ஏன்னு நான் என்னத்தக் கண்டேன்? அவரு இப்படிச் சொல்லி வச்சிருக்காருன்னு எனக்கு எப்படித் தெரியும்லா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, வாத்தியார் அல்லவா, என் கிண்ணத்தைக் கரண்டியால் தட்டினாள். "ஆறிப்போவுது, சாப்புடு. நாப்பது நிமிசம் நின்னது எதுக்கு?"

சாப்பிட்டேன். கறுப்பு இறால் விழுதை ஒரு கரண்டி முழுக்க விட்டுக்கொண்டேன். கூடவே பச்சை மிளகாயும். மகளின் செய்திகள் சட்டைப் பையில் அதிர்ந்துகொண்டிருந்தன. அப்பா சொன்னதெல்லாம் அதில் இருந்தது. புளிப்பு முதலில் வந்தது, உறைப்பு தாமதமாக வந்தது, வந்த பிறகு போகவே இல்லை. கண்ணில் நீர் வந்தது, நிறுத்தவில்லை. மூக்கிலும் வந்தது. நிறுத்த வேண்டும் என்று தெரியும். நிறுத்தவில்லை. அடியில் கிடந்த மீன் துண்டு வரைக்கும் வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன்.

காலிக் கிண்ணத்தைப் பார்த்த பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். இத்தனை வருடமும் அப்பா இரண்டு, நான் ஒன்று என்று வைத்திருந்தேன். அக்கா சொல்லி முடித்த நேரத்தில் அது ஒன்றுக்கு ஒன்று என்று சரியாக இருந்தது, ஒரு பத்து நிமிடம் மட்டும். இப்போது எனக்கு இரண்டு. அவருக்கு ஒன்று.